முதல் பக்கத்தார்

கோயம்புத்தூரில் நீங்கள் கிரைண்டர் கம்பெனி வைத்திருந்தாலும் சரி, பம்ப்செட், நூல் கடை, பல் ஆஸ்பத்திரி என்று எதை நடத்தினாலும் சரி, வருஷத்துக்கு ஒரு முறையாவது முதல் பக்கத்தார் உங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். தோளில் லேப்டாப் பை, கையில் இரண்டு செல்போன், கழுத்தில் எந்த ஆபீஸ் என்று படிக்க முடியாதபடி திரும்பியே தொங்கும் ஐடி கார்டு. உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, வைஃபை பாஸ்வேர்டும் கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பிப்பார்: "கூகுள்ல நம்ம கம்பெனியே வரலீங்களேண்ணா."

கம்பெனி பேரை அடித்தால் கம்பெனி வரும். அவர் பேரை அடிக்க மாட்டார். "வெட் கிரைண்டர்" என்று இரண்டே சொல் அடிப்பார். ஆன்லைன் அங்காடிகளும் டிவியில் விளம்பரம் கொடுக்கும் பெரிய பிராண்டுகளும் வரிசை கட்டி நிற்கும். கணபதி பக்கம் ஷெட் போட்டு, கல்லும் மோட்டாரும் தானே பொருத்தி விற்கும் மனிதர் அந்த வரிசையில் எங்கே இருப்பார்? முதல் பக்கத்தார் நிதானமாகப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவார். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தி, முதலாளியின் முகத்தை ஒரு முறை பார்ப்பார். "ரெண்டாவது பக்கத்துக்கே யாரும் வர்றதில்லீங்க. நாம எங்க இருக்கோம் பாருங்க."

அந்த நிமிஷம் வரை முதலாளிக்கு அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது. சரக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. இப்போது அவருக்கு வயிற்றைப் பிசைகிறது.

"ஏனுங் தம்பி, மொதப் பக்கத்துல வரோணும்னா எத்தன நாளுங்க ஆகும்?"

"ஆறு மாசம் குடுங்ண்ணா."

இந்த ஆறு மாசக் கணக்கை ஜோசியரிடம்தான் அவர் கற்றிருக்க வேண்டும். ஆறு மாசத்தில் பலன் கிடைத்தால் பரிகாரம் பலித்தது. கிடைக்காவிட்டால் இடையில் ஒரு பெயர்ச்சி நடந்துவிட்டது. கூகுள் தன் தரவரிசை முறையை வருஷத்தில் சில தடவை பெரிதாக மாற்றி, "கோர் அப்டேட்" என்று அறிவிக்கிறது. சின்னச் சின்ன மாற்றங்கள் தினமும் நடக்கின்றன. ஆகவே முதல் பக்கத்தாருக்குப் பெயர்ச்சிப் பஞ்சம் வந்ததே கிடையாது.

முதல் இடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. கேட்காமலே மெயில் அனுப்பி வேலை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தங்களுக்கே அப்படி மெயில்கள் வருவதாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் தளத்தைப் பார்த்தோம், முக்கியமான தேடுபொறிகளிலும் டைரக்டரிகளிலும் அது இல்லை, நாங்கள் சேர்த்துவிடுகிறோம் என்கிற ரீதியில், கூகுளுக்கே! எழுதியவர் நம் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நம்பிக்கை இருக்கிறது.

முதல் பக்கத்தாரில் மூத்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் டைரக்டரி காலத்து ஆட்கள். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் இணையத்தில் இருந்த தளங்களைக் கையால் வகை பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அதுதான் யாஹூ ஆனது. பிறகு 1998இல் டிமாஸ் வந்தது. அங்கே சம்பளமில்லாத தன்னார்வலர்கள் தளங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். யாஹூவில் வணிகத் தளம் ஒன்று இடம்பெற வருஷத்துக்கு 299 டாலர் கேட்டார்கள். பணம் கட்டினால் பரிசீலிப்பார்கள், அவ்வளவுதான். சேர்க்காவிட்டாலும் பணம் திரும்பாது. டிமாஸில் காசே இல்லை, அதனால் பதிலும் இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

பல பட்டியல்கள் அகர வரிசையில் இருந்ததால் "ஏ"யில் தொடங்கும் பெயருக்குத் தனி யோகம். அமெரிக்காவில் ஆளாளுக்கு மூன்று "ஏ" போட்டுக் கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் ஏ ஒன் பேக்கரிக்காரர்களும் ஏ ஒன் டெய்லர்களும் கம்ப்யூட்டரையே பார்க்காத காலத்தில் இதற்குத் தயாராக இருந்ததை எந்த மேலாண்மைப் பேராசிரியரும் இன்னும் கவனிக்கவில்லை.

அந்தக் காலத்தில் மூத்த முதல் பக்கத்தார் விற்ற சரக்கு, "ஐந்நூறு டைரக்டரி பேக்கேஜ்". யாஹூவும் டிமாஸும் போக மீதி எல்லாம் யாரும் பார்க்காத பட்டியல்கள். ஒரு பட்டியலில் உங்கள் கிரைண்டருக்கு மேலே டென்மார்க் நாய்க்குட்டி வியாபாரி இருப்பார், கீழே பிரேசிலில் வழுக்கைக்கு மருந்து தருபவர் இருப்பார். பார்ப்பதற்கு மனிதர்கள் வர வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. ஒரு தளத்தை எத்தனை தளங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவற்றின் மதிப்பு என்ன என்று எண்ணித்தான் கூகுளின் பேஜ்ரேங்க் மதிப்பெண் போட்டது. எண்ணுகிற இயந்திரத்துக்குக் காட்டத்தான் இத்தனை இணைப்புகளும். இரவு பூராவும் இரண்டு பையன்கள் உட்கார்ந்து ஒரே விண்ணப்பத்தை ஐந்நூறு இடத்தில் ஒட்டுவார்கள். காலையில் முதலாளி கையில் எக்செல் தாள்.

2012 ஏப்ரலில் கூகுள் "பெங்குவின்" என்கிற மாற்றத்தைக் கொண்டுவந்தது. இப்படிச் செயற்கையாகச் சேர்த்த இணைப்புகள் உள்ள தளங்கள் தடதடவென்று கீழே விழுந்தன. அதே வருஷம் அக்டோபரில், "இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்று தள உரிமையாளரே எழுதிக் கொடுக்க ஒரு வசதியும் செய்து கொடுத்தார்கள். வேறு தொழிலாக இருந்தால் ஆள் ஊரை விட்டு ஓடியிருப்பார். நம்மவர் மறுநாளே லேப்டாப் பையோடு கிரைண்டர் கம்பெனிக்கு வந்தார்.

"கெட்ட லிங்க் நெறைய இருக்குதுங்ண்ணா. எல்லாத்தையும் எடுக்கோணும்."

"யாருங்க தம்பி அதையெல்லாம் வெச்சது?"

"அதெல்லாம் பழைய டெக்னிக்குங்க."

சேர்க்க வாங்கியதைவிட எடுக்கக் கொஞ்சம் எச்சாவே வாங்கினார். எக்செல் தாள் பழையதுதான். தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார். முதலாளி சடைத்துக்கொண்டபோது, "பிஎம்டபிள்யூ காரனையே தூக்கிட்டாங்க, தெரியுங்களா?" என்று ஆறுதல் சொன்னார். அது பொய்யில்லை. 2006இல், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாடிக்கையாளருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் தேடலிலிருந்தே நீக்கிவிட்டது. தன் ஷெட்டும் பிஎம்டபிள்யூவும் ஒரே தண்டனைப் பட்டியலில் இருப்பதைக் கேட்டு முதலாளி நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாசத்துச் செக்கும் கிழிந்தது.

முதல் பக்கத்தாரின் உரைநடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இலக்கியத்துக்குத் துரோகம். அவர் எழுதிக் கொடுக்கும் பத்தி இப்படி இருக்கும்: "கோயம்புத்தூரில் சிறந்த வெட் கிரைண்டர் வாங்க விரும்புகிறீர்களா? கோயம்புத்தூரின் சிறந்த வெட் கிரைண்டர் நிறுவனமான நாங்கள், கோயம்புத்தூரில் சிறந்த வெட் கிரைண்டர்களைச் சிறந்த விலையில் கோயம்புத்தூர் மக்களுக்கு வழங்குகிறோம்." முதலாளியின் மகள் தமிழ் எம்.ஏ. இதைப் படித்துவிட்டு, "அப்பா, இது மனுசங்க படிக்கறதுக்கு இல்லியாட்ட இருக்குது" என்றாள். "கரெக்டா புடிச்சீங்க பாப்பா!" என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் இந்தச் சொற்களை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் போட்டு மறைத்து வைப்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கு எதற்கு எழுத்துக்கூலி என்று முதலாளி கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை. "மெட்டா கீவேர்ட்" என்று இன்னொரு இனம் பில்லில் வரும். அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இல் பகிரங்கமாக அறிவித்தது. பில்லில் அந்த வரி மட்டும் இன்னும் அழியவில்லை. யாராவது கேட்டால்தானே?

ஆறு மாசம் முடியும் நாளில் அவர் வருகிற வேகமே தனி. "அண்ணா, மொத எடம்! உங்க போன்லயே பாருங்க." பார்த்தால் உண்மை. கம்பெனி முதல் இடத்தில் நிற்கிறது. முதலாளி நெகிழ்ந்து, ஈரோட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அங்கேயும் தேடச் சொல்கிறார். மாப்பிள்ளை பத்து நிமிஷம் தேடிவிட்டு, "மாமா, கிரைண்டர் கம்பெனியைத்தானுங்க சொன்னீங்க?" என்று கேட்கிறார். தேடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார், முன்பு என்ன தேடினார் என்பதையெல்லாம் பார்த்து கூகுள் விடையை மாற்றும். தினம் நாலு தடவை தன் தளத்தையே திறந்து பார்க்கிற முதலாளிக்கு அவர் தளத்தையே அது எடுத்துக் கொடுப்பதில் ஆச்சரியமில்லை. கணபதியில் நின்று தேடினால் கணபதி வரும். ஈரோட்டில் தேடினால் ஈரோடு வரும். இந்த உண்மை முதல் பக்கத்தாருக்கு மிக நன்றாகத் தெரியும். அதனால்தான் "உங்க போன்லயே பாருங்க" என்றார்.

மாப்பிள்ளை போன்ற விரோதிகளைச் சமாளிக்க இன்னொரு வழி வைத்திருக்கிறார். "வெட் கிரைண்டர்" என்ற சொல்லுக்காக யாரோடும் மல்லுக்கட்ட மாட்டார். "கணபதி ரெண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர் சிவப்பு கலர் மொத்த விலை" என்று ஒன்றை எடுத்து அதில் முதலிடம் வாங்கித் தந்துவிடுவார். உலகத்தில் எங்கிருந்து தேடினாலும் முதலிடம்தான். தேடத்தான் ஆள் வேண்டும்.

மாசாமாசம் ரிப்போர்ட் வரும். பச்சை அம்புகள் எல்லாம் மேலே பார்த்திருக்கும். "இம்ப்ரெஷன்" என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண் இருக்கும். தேடியவர்களின் திரையில் உங்கள் பெயர் எங்கேயோ இடம்பெற்ற கணக்கு அது. அவர்கள் பார்த்தார்களா என்பது அவரவர் மனசாட்சி. போன் எத்தனை வந்தது என்று கேட்டால் ரிப்போர்ட்டின் பக்கங்களைப் புரட்டுவார். கிரைண்டர்காரருக்கு அந்த மாசம் தளத்தைப் பார்த்து வந்த போனில் ஒன்று, "சார், உங்க வெப்சைட் கூகுள்ல வரலீங்களே" என்று ஆரம்பித்த வேறொரு முதல் பக்கத்தாருடையது.

மதிப்புரைகள் வேண்டும் என்று சொன்ன மாசம் இன்னும் விசேஷம். வேலையாட்கள், ஒறம்பரை என்று எல்லாரும் ஒரே சாயங்காலம் ஒரே வைஃபையில் உட்கார்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஒரு சித்தி, "டேஸ்ட் சூப்பர், குடும்பத்தோடு போகலாம், பார்க்கிங் வசதி உண்டு" என்று எழுதிவிட்டார். அந்தக் கூட்டத்தில் நீக்கப்படாமல் தப்பிப் பிழைத்தது அந்த ஒன்றுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிரைண்டர்காரருக்கு அவரால் ஒரு பெரிய நன்மை நடந்தது. கூகுள் மேப்பில் இந்தக் கம்பெனியின் புள்ளி பல வருஷமாகச் சிங்காநல்லூர் குளத்துக்குள் இருந்தது. போன் நம்பரும் முன்னாள் பார்ட்னருடையது. வாசலில் காபி வரும் வரை சும்மா இருக்க முடியாமல், முதல் பக்கத்தார் அந்தப் புள்ளியை நகர்த்தி ஷெட் வாசலில் வைத்தார். நம்பரை மாற்றினார். கடை திறக்கும் நேரத்தைப் போட்டு, வாசலைப் போட்டோ எடுத்து ஏற்றினார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அந்த வாரத்திலிருந்து திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்கள் வழி கேட்காமல் நேரே வர ஆரம்பித்தார்கள். சரக்கு போனது. அவர் செய்த வேலைகளிலேயே காசு கொண்டுவந்தது அது ஒன்றுதான். ரிப்போர்ட்டில் அது இல்லை. பில்லிலும் இல்லை. "அதெல்லாம் ஒரு வேலைங்களாண்ணா" என்று கூச்சப்பட்டார். புரிகிற மாதிரி ஒரு வேலையைச் செய்துவிட்டு மாசம் பதினைந்தாயிரம் எப்படிக் கேட்பது என்பது அவருடைய சங்கடம்.

ஒரு நாள் முதலாளியின் மகள், இந்தத் தொழிலின் பெயரையே போட்டு, "கோயம்புத்தூர் எஸ்இஓ கம்பெனி" என்று தேடிப் பார்த்தாள். நம்மவர் ஏழாம் பக்கத்தில் இருந்தார். அவர் சிறிதும் கலங்கவில்லை. "அந்த கீவேர்டுக்குப் போட்டி ரொம்ப ஜாஸ்தி பாப்பா. எல்லாரும் எஸ்இஓ தெரிஞ்சவங்க."

இப்போது காலம் மறுபடி மாறிவிட்டது. யாஹூ டைரக்டரியை 2014 முடிவில் மூடினார்கள். டிமாஸ் 2017 மார்ச்சில் போனது. பேஜ்ரேங்க் மதிப்பெண்ணை வெளியே காட்டுவதைக் கூகுள் எப்போதோ நிறுத்திவிட்டது. 2024இலிருந்து பல தேடல்களுக்குப் பட்டியலுக்கு மேலே ஏஐ எழுதிய பதிலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் பக்கம் என்று ஒன்று இருக்குமா என்றே சந்தேகமாக இருக்கிற காலம். இதை நினைத்து எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. வீணாய்ப்போன பரிதாபம். போன வாரம் புது விசிட்டிங் கார்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"இனி கூகுளெல்லாம் முடிஞ்சுதுங்ண்ணா. சாட்ஜிபிடிகிட்ட நல்ல கிரைண்டர் எதுன்னு கேட்டா, அது நம்ம பேரச் சொல்லோணும்."

முதலாளி சந்தேகத்தோடு பார்த்தார். "அது யாரு சொன்னா கேக்குமுங்க தம்பி?"

"அது யாரு சொன்னாலும் கேக்காதுங்க. அதனாலதான் ரேட்டு கொஞ்சம் கூட. ஜிஎஸ்டி தனிங்க."