பை த வே

தொலைபேசியில் யாராவது "பை த வே" என்றால், நின்றுகொண்டிருக்கிற நான் உட்கார்ந்துவிடுவேன். வரப்போவது அப்படிப்பட்ட சமாசாரம்.

ஆங்கில அகராதி இதற்குச் சொல்லும் பொருள் வெகு சாது. பேச்சோடு பேச்சாக, அவ்வளவு முக்கியமில்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்பதற்கு அறிகுறியாம். ஆதியில் இது நிஜமான வழியைத்தான் குறித்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில்கூட அந்தப் பழைய பொருளில் வருகிறது. அங்கே "பை த வே" நடக்கிற காரியங்களெல்லாம் சாலையில், புழுதிக் காலோடு நடக்கின்றன. வழிப்போக்கனாக இருந்த சொல் நம் காலத்தில் வசூலுக்கு வருகிறது.

கோவையில் இருக்கும் என் பெரியப்பா மகன் போன் செய்வார். அம்மாவின் முழங்கால் வலியில் ஆரம்பிப்பார். போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா, பையன் எத்தனை மார்க், அங்கே தேங்காய் என்ன விலை என்று நிதானமாக ஒரு சுற்று வருவார். "சரி, வெச்சிரட்டுமா?" என்றும் கேட்டுவிடுவார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கும் அந்த நொடியில், ஒரு சின்ன இருமல். "பை த வே தம்பி, அந்தத் தோட்டத்துப் பத்திரம் உங்கிட்டத்தான இருக்குது?"

முழங்கால், தேங்காய் எல்லாம் பத்திரத்துக்குப் போட்ட பந்தல் என்பது அப்போதுதான் விளங்கும்.

இந்த விஷயத்தில் நம்மூர் "அது கிடக்கட்டும்" எவ்வளவோ மேல். இதுவரை பேசியது அத்தனையும் வெட்டிப் பேச்சு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். "பை த வே" அப்படியில்லை. இனிமேல் வருவதுதான் வெட்டிப் பேச்சு என்று சத்தியம் செய்துவிட்டு, மடியிலிருந்து கத்தியை எடுக்கும்.

டாக்டர்களுக்கு இது தொழில்முறைத் தலைவலி. சளி, இருமல் என்று சொல்லி மருந்துச் சீட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துபோகிற நோயாளி, கதவுக் கைப்பிடியில் கையை வைத்தபடி திரும்புவார். "பை த வே டாக்டர், ரெண்டு நாளா நெஞ்சை ஒரு மாதிரி அடைக்குது." வந்ததே அதற்குத்தான். அமெரிக்காவில் இதை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 1994இல் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பே "ஓ, பை த வே" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆபீஸ் மீட்டிங்குகளை யாரும் இப்படி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. லேப்டாப்பை மூடிய பிறகு மேனேஜர் "பை த வே, இந்த சனிக்கிழமை எல்லாரும் ஃப்ரீதானே?" என்று கேட்கும்போது, அந்த அறையில் எத்தனை பேருக்கு நெஞ்சை அடைக்கிறது என்று எண்ணியிருந்தால் இன்னொரு கட்டுரை தேறியிருக்கும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள் லண்டன் பத்திரிகைக்காரர்கள்தான். 'தி குளோப்' என்ற மாலைப் பத்திரிகையில் "பை த வே" என்றே ஒரு நகைச்சுவைப் பத்தி வந்துகொண்டிருந்தது. பி.ஜி. வுட்ஹவுஸ் 1904இல் அதற்குப் பொறுப்பாசிரியர். அன்றன்றைய செய்தியைப் பார்த்து அன்றன்றைக்கே கிண்டல் எழுதவேண்டும். பின்னால் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் இதே தலைப்பில் 'பீச்கோம்பர்' என்ற புனைபெயரோடு ஜே.பி. மார்ட்டன் 1924 முதல் 1975 வரை எழுதித் தள்ளினார். அரை நூற்றாண்டு முக்கியமில்லாத விஷயங்கள்! கடன் கேட்காமல், பத்திரம் கேட்காமல், சனிக்கிழமையைப் பறிக்காமல் இந்தச் சொல் இவ்வளவு காலம் பிழைத்தது அங்கே மட்டும்தான்.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். இதை அகராதிப்படி மட்டுமே பயன்படுத்துபவர். போன வாரம் வந்தார், காபி குடித்தார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பை த வே, மழை வரும்போல இருக்கே" என்றார். நான் காத்திருந்தேன். அவர் கேட்டைத் திறந்தார். பின்னாலேயே போய், "சார், வேற ஏதாவது..?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு என்னதான் வேண்டும் என்று அன்று ராத்திரி நானும் மனைவியும் வெகுநேரம் பேசினோம். கைமாத்து என்கிறாள் அவள். எனக்கென்னவோ, அவர் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும் எங்கள் வேப்பமரக் கிளையின் மீதுதான் கண் என்று படுகிறது.