முருங்கைக்காய் எதிர் சிர்கோனியா: புலம்பெயர் அடுக்களையில் கத்தி தீட்டல் குறித்த ஓர் ஆய்வு

தமிழர் கத்தி தீட்டும் முறை மூவகைப்படும். அம்மி விளிம்பில் தீட்டல், துவைகல்லில் தீட்டல், சைக்கிளை நிறுத்திச் சக்கரம் மிதிக்கும் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டல். அமெரிக்கா வந்தபின் நான்காவதும் சேர்ந்தது: காபிக் கோப்பையைக் கவிழ்த்து, பூச்சில்லாத சொரசொரப்பான அடிவளையத்தில் தீட்டல். இந்நான்கும் செராமிக் கத்தியிடம் பலிக்காது என்பதே நமது கருதுகோள்.

மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் கத்தி எஃகு சுமார் 6. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 7. வெள்ளைச் செராமிக் கத்தி செய்யப் பயன்படும் சிர்கோனியாவோ ஏறத்தாழ 8.5. ஆகவே அம்மியில் வைத்துத் தேய்த்தால் தேய்வது அம்மிதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற முன்னோர், இப்படியொரு நிலைமையைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

முந்தைய ஆய்வாளர்கள் (பெரும்பாலும் மாமியார்கள்) எல்லாக் கத்தியும் ஒரே மாதிரி மொக்கையாகும் என்றே கருதினர். எஃகின் கூர் ஒரு பக்கமாக மடங்கும். தீட்டுக்கோலில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிரும். செராமிக்குக்கு மடங்கத் தெரியாது, பொடிச் சில்லாக உதிரத்தான் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எலி கொறித்த மாதிரி விளிம்பு தெரியும்.

கொறித்த எலி எது? நியூ ஜெர்சிக் களத்தில் விடை கிடைத்தது. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய உறைந்த முருங்கைக்காய், பையோடு ஒரே பாறையாக ஒட்டிக் கிடக்கும். அவசரத்தில் இடுக்கில் கத்தி முனையை விட்டு நெம்புவார்கள். 'டிக்' என்றொரு சத்தம். சாம்பாரில் அந்த முனையைத் தேடும் படலம் தனிக்கட்டுரைக்கு உரியது. டெக்சாஸில் இதே வேலையைப் பறங்கிக்காய் செய்கிறது: பாதியில் சிக்கிய கத்தியைத் திருகுகிறோம், கத்தி இரண்டாகிறது. ஆயினும் நியாயம் பேச வேண்டும். வாழைப்பூ நறுக்கினால் இக்கத்தி கறுக்காது, துருவும் ஏறாது.

பரிகாரம் வைரம். வைரத்தூள் பதித்த தட்டில் தண்ணீர் விட்டு, முதுகு முன்னே போக, கூர் பின்னே வர, பூப்போல இழுக்க வேண்டும். அழுத்தினால் புதுச் சில்லு பெயரும். இங்கேதான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி நமக்கு வியப்பளிக்கிறது. சிலிக்கான் தட்டுகளை வைரத்தால் அறுக்கும் தொழிலுக்குப் பேர்போன ஊர். செராமிக் கத்திக்குப் பேர்போன ஜப்பானியக் கியோசெரா நிறுவனம் 1969-இல் அமெரிக்கக் கிளையைத் திறந்ததே சன்னிவேலில்தான். அதே சன்னிவேலில் சில்லுத் தொழில் பொறியாளர் ஒருவர் வீட்டில் பதிவான உரையாடல்:

"ஏம்மா, இந்த வெள்ளக் கத்திய எதுல தீட்டுறது?"

"அது நம்மால முடியாது அத்தை. வைரம் வேணும்."

"ஒரு தக்காளி அறுக்க வைரமா? ஏம்ப்பா, உங்க ஆபீஸ்லதான் தினம் வைரத்துல அறுக்கிறீங்களே?"

"அது வேற டீம்மா."

அடுத்தகட்ட ஆய்வு ஊரிலிருந்து வரவேண்டிய அரிவாள்மணை பற்றியது. அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதிப்படி கத்தி வகையறாவைக் கைப்பையில் கொண்டுவரக் கூடாது. நன்றாகச் சுற்றிக் கட்டி, ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கலாம். அத்தை அடுத்த முறை வரும்போது கொண்டுவர இசைந்துள்ளார். எடைக்கு ஈடாக எந்த ஊறுகாயை விட்டுவருவது என்பதில் மட்டும் ஆய்வுக்குழு இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.