ஆரி என்றொரு வள்ளல்

"ஆரி கிளாஸ்ல சேரப் போறேன்" என்று நான் சொன்னபோது, என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "பாரி, காரி, ஓரி தெரியும். இவர் யாரு, எட்டாவது வள்ளலா?"

ஆரி ஆள் இல்லை, ஊசி. நுனியில் குட்டிக் கொக்கி இருக்கும். கல்யாணப் பிளவுஸ்களில் மயிலும் மாங்காயும் மினுங்குவது அதன் கைங்கரியம்தான். துணியைச் சட்டத்தில் மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மேலிருந்து குத்த வேண்டும். இன்னொரு கை துணிக்கு அடியில் இருந்து நூலைக் கொடுக்க வேண்டும். ஆக, இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். அதற்காகவே காத்திருந்ததுபோல் அப்போதுதான் பால் பொங்கும், சிலிண்டர் வரும், பெரியவன் பாத்ரூமுக்குள்ளிருந்து துண்டு கேட்பான்.

போட்டது போட்டபடி எழுந்துவிடவும் முடியாது. இது சங்கிலித் தையல். முடிச்சுப் போடாமல் விட்ட நுனியை இழுத்தால், அதுவரை போட்டதெல்லாம் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். இந்தத் தொழில் ரகசியத்தை எனக்கு முன்பே கண்டுபிடித்தவள் என் நாலு வயது மகள். நான் சிலிண்டருக்குச் சில்லறை தேடிவிட்டுத் திரும்புவதற்குள், மணப்பெண்ணின் வலது கை மயில் கழுத்து வரைக்கும் காணாமல் போயிருந்தது. "மயில் பறந்துருச்சும்மா" என்றாள்.

எங்கள் மதுரை வீட்டில் ஹால் ஒன்றுதான். அதன் நடுவில் சட்டம் நாலு காலோடு நிற்கிறது. டிவி பார்க்க வேண்டுமென்றால் அதற்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். கணவர் கிரிக்கெட்டை அப்படித்தான் பார்க்கிறார். சிக்ஸர் அடித்தால் துள்ளி எழுந்து தலையை இடித்துக்கொள்கிறார். ஒருநாள் மீசையில் ஒட்டிய தங்கச் சமிக்கியோடு ஆபீஸ் போய், மீட்டிங் முழுக்க மினுங்கியிருக்கிறார். யாரும் சொல்லவில்லையாம். எல்லோரும் தன்னையே கவனித்ததால் நன்றாகப் பேசினோம் என்ற சந்தோஷத்தில் வந்தவரிடம், பாவம், நான்தான் கண்ணாடியைக் காட்டினேன்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது பாயசம். வெள்ளை முத்து மணிகளை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தது என் தப்புதான். பெரியவன் பிறந்த நாளுக்கு அத்தை ஜவ்வரிசிப் பாயசம் வைத்தார். "ஏம்மா, அரை மணி நேரமா கிண்டுறேன், வேகவே மாட்டேங்குதே! மளிகைக்கடைக்காரன் கலப்படம் பண்றான்" என்று மகனைச் சண்டைக்கு அனுப்பக் கிளம்பிவிட்டார். நல்ல வேளையாக யாரும் வாயில் வைக்கும் முன் ஓடிப்போய்ப் பார்த்தேன். இருநூறு ரூபாய் முத்து, ஏலக்காய் வாசனையோடு சாயம் போய்க் கிடந்தது.

ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை, ஓய்வாக இருப்பேன் என்று உறவெல்லாம் நினைக்கிறது. ஆவணிக் கல்யாணப் பிளவுஸை ஆடியில் போடாமல் எப்போது போடுவது? ஊருக்கெல்லாம் ஆடித் தள்ளுபடி. எனக்கு எதையும் தள்ளிப்போட முடியாத மாதம். அதில்தான், "நீ வீட்ல சும்மாதானே இருக்கே" என்று பத்து நாள் தங்க வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் பெரியவனுக்குக் கணக்கு வீட்டுப்பாடம். ஏழாம் வகுப்பு. என் பிளவுஸையே கணக்காகக் கொடுத்தேன். கூலி 3,000. மணி, நூல், கல் எல்லாம் 800. ஆன நேரம் 40 மணி. ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கும்? கழித்தான், வகுத்தான். "55 ரூபாம்மா" என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடையைச் சரிபார்க்கணுமா?" என்று இரக்கத்தோடு கேட்டான். சரியான விடைதான். அதுதான் பிரச்சினை.

அதுவும் காசு கொடுப்பவர்கள் கணக்கு. நாத்தனார் மகள் வளைகாப்புக்கு நான் போட்ட பிளவுஸ் அதில் சேராது. "நம்ம வீட்டு ஆள்கிட்ட என்ன காசு?" என்றாள் நாத்தனார். அன்று ராத்திரி சட்டத்தை மடக்கும்போதுதான், கணவர் முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். நான் கைக்கு ஒன்றாக இரண்டு மயிலையே கொடுத்திருக்கிறேன், குஞ்சலமும் கட்டி. எட்டாவது வள்ளல் யாரென்று இனி யாரும் பேப்பரில் தேட வேண்டாம்.

மறுநாள் ஹால் சுவரில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன்: 'காலை 10 முதல் 1 வரை அம்மா வேலையில் இருக்கிறாள். பால் பொங்கினால் பார்க்கிறவர் அடுப்பை அணைக்கவும்.' முதல் நாள் எல்லோரும் பார்த்தார்கள், பால் பொங்கியது. இரண்டாம் நாள் அத்தை அணைத்தார். மூன்றாம் நாள் கணவர் அணைத்ததோடு காபியும் போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை இல்லை, ஆனாலும் குடித்தேன்.

ஆகவே வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு: ஆவணி ஆர்டர் முடிந்துவிட்டது. ஐப்பசிக்கு வேண்டுமென்றால் பாதிப் பணம் அட்வான்ஸாகக் கொண்டுவாருங்கள். சொந்தக்காரராக இருந்தால் முழுப் பணம்.