அது தோலே இல்லை, மாப்பிள்ளை!

பந்து திரும்பினாலும் காரணம் தோல், திரும்பாவிட்டாலும் காரணம் தோல். மேல்விஷாரத்தில் டெஸ்ட் கிரிக்கெட் பேச உட்கார்ந்தால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம். மற்ற ஊர்க்காரர்கள் கேப்டனைத் திட்டுவார்கள், தேர்வுக் குழுவைத் திட்டுவார்கள். டேனரியில் வயிறு வளர்ப்பவர்கள் அவ்வளவு சுலபத்தில் விடுவோமா? டிவியில் பந்தைக் கிட்டத்தில் காட்டினால் போதும், கிரெய்ன் எப்படி, சாயம் எப்படி என்று நாங்கள் ஆராய ஆரம்பித்துவிடுவோம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். பார்த்துவிட்டு "ம்ஹும்" என்பேன். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

உண்மையில் எங்களுக்கும் கிரிக்கெட் பந்துக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. பந்துக்கான தோல் படிகாரம் போட்டுப் பதனிட்டது. பந்து தைப்பதெல்லாம் மீரட், ஜலந்தர் பக்கம். எங்கள் பாலாற்றங்கரைச் சரக்கு பெரும்பாலும் குரோமில் ஊறி, ஷூவாகிக் கப்பல் ஏறுகிறது. டீக்கடையில் இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வீட்டில் என் மரியாதை, போட்டி எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் நடந்தால் நான் நல்ல மனுஷன். மெல்போர்னில் ஆட்டம் தொடங்கும்போது நமக்கு விடிகாலை ஐந்து மணி. டிசம்பர் பனியில் யாரும் எழுப்பாமலே எழுந்து சுபுஹு தொழப் போகிற மருமகனைப் பார்த்து மாமியார் பூரித்துப்போவார். இங்கிலாந்து என்றால் பிற்பகல் மூன்றரை மணி; கடைத்தெருவுக்குப் போகிற நேரத்தில் ஜோ ரூட் செட்டாகிவிடுவார். கொத்தமல்லி வராது, ரசம் மொட்டையாக வரும். 2025 ஆகஸ்டில் ஓவல் டெஸ்டின் கடைசி நாளுக்காக அரை நாள் லீவு போட்டேன். இங்கிலாந்துக்குத் தேவை 35 ரன், நமக்குத் தேவை நாலு விக்கெட். கட்டுப்போட்ட கையோடு வோக்ஸ் இறங்கி வந்தும், சிராஜ் ஒரு மணி நேரத்துக்குள் கதையை முடித்துவிட்டார். ஆறு ரன்னில் ஜெயம். மிச்ச லீவில் மனைவி என்னைப் பரணைச் சுத்தம் செய்ய வைத்தாள்.

எங்கள் வீட்டு வாதங்களுக்குத் தலைமை நீதிபதி என் மாமனார். டேனரியில் தோல்களைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் கட்சி மேற்கிந்தியத் தீவுகள். 1980 முதல் 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்காத அணி அது. அந்த 1995-ல் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதோடு மனுஷர் அடங்கிப்போனார். 2024 ஜனவரியில்தான் திரும்ப உயிர் வந்தது. கயானாவில் செக்யூரிட்டி வேலை பார்த்த ஷமார் ஜோசப், ஸ்டார்க்கின் யார்க்கரில் நசுங்கிய கால் விரலோடு பந்து வீசி ஏழு விக்கெட் எடுத்தார். பிரிஸ்பேனில் எட்டு ரன்னில் வெற்றி. "பார்த்தீங்களா மாப்பிள்ளை! பந்துன்னா இது பந்து!" என்று போனிலேயே மாமா தழுதழுத்தார்.

அடுத்த வருஷம் ஜூலையில் கிங்ஸ்டனில் அதே அணி 27 ரன்னுக்கு ஆல் அவுட். ஸ்டார்க் முதல் 15 பந்தில் ஐந்து பேரை அனுப்பிவிட்டார். மாமா தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பிங்க் பந்து. அது தோலே இல்லை, மாப்பிள்ளை. சாயம் உள்ளே இறங்காது, மேலே பூச்சுதான்." எனக்கும் அது வசதியாக இருந்தது. 2020 டிசம்பரில் அடிலெய்டில் நம்ம ஆட்கள் ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடாமல் 36-ல் சுருண்டதும் பிங்க் பந்தில்தான். ஷமார் ஜோசப் ஏழு விக்கெட் எடுத்ததும் பிங்க் பந்தில்தானே மாமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பெண் கொடுத்தவரிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா?

ஆனால் 2024 அக்டோபரில் பெங்களூரில் நியூசிலாந்திடம் 46-க்குச் சுருண்டோமே, அது சிவப்புப் பந்து, மீரட் சரக்கு. அந்தத் தொடரே மூன்றுக்குப் பூஜ்யம் என்று போனது. கடையில் கொஞ்ச நேரம் எல்லோரும் டீயை ஊதிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு பாய் தொண்டையைக் கனைத்தார். "பச்சைத் தோல்ல உப்பை ஒழுங்கா உதறியிருக்க மாட்டானுங்க." அப்பாடா என்றிருந்தது. அதற்கு நானும் தலையாட்டினேன்.

போன வாரம் மாமா வந்திருந்தபோது இதே பிரசங்கம் மறுபடி ஓடியது. மனைவி சமையலறையிலிருந்து வந்து, வாரறுந்த ஒற்றைச் செருப்பை எங்களுக்கு நடுவில் வைத்தாள்.

"ஏங்க, உலகத்துப் பந்துக்கெல்லாம் தீர்ப்பு சொல்றீங்க. இதைத் தைக்கக் கொடுங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன்?"

மாமா எனக்கு முந்திக்கொண்டார். செருப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், வளைத்தார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்தும் பார்த்தார். "இது தோலே இல்லைம்மா, ரெக்ஸின்! எந்த ஏமாளி வாங்கினான்?" என்றார், என்னைப் பார்த்தபடி.

"பெருநாளைக்கு நீங்கதான் வாங்கித் தந்தீங்க, அத்தா."

மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.