பெட்டி அறியாத நெரிசல்

வெம்பிளியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவருக்கு நோர்த் சேர்குலர் வீதிதான் பாதி வாழ்க்கை. லேய்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தைக்கு அதைவிட நேரான பாதை கிடையாது. சந்தை நள்ளிரவில் திறக்கும். போகும்போது வீதி வெறிச்சோடிக் கிடக்கும். திரும்புகிற நேரம்தான் சோதனை. காலை ஏழு மணியைத் தொட்டால், எட்மன்டனில் பிடித்த வரிசை நீஸ்டன் வரை விடாது. வானுக்குள் கொத்தமல்லி வாடும். கடை வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள்.

நான் கடை தொடங்கிய காலத்தில் எல்லோர் கையிலும் இருந்தது ஏ டு இசட் வரைபடப் புத்தகம். தெருக்களை அது குறையில்லாமல் காட்டியது. நெரிசலுக்கு எங்களிடம் வேறு ஏற்பாடு இருந்தது. முதலில் புறப்பட்ட கடைக்காரர் வந்து சேர்ந்ததும், சந்தையில் இன்னும் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு ரெலிபோன் எடுப்பார்.

“தம்பி, பவுண்ட்ஸ் கிரீன் இறுகிப்போய்க் கிடக்கு. அதால வராதை.”

“அப்ப எதால வாறது, அண்ணை?”

“ரொட்டன்ஹாமுக்குள்ளால இறங்கி வா. எட்டரை தாண்டினால் அதாலயும் வராதை, பள்ளிக்கூடப் பிள்ளையள் நடக்கிற நேரம்.”

அந்த ஒரு அழைப்பு அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடித்துத் தந்த நாட்கள் உண்டு.

பிறகு வழி சொல்லும் பெட்டி வந்தது. ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியது. நூறு மீற்றர் வரை தவறிய கணிப்பு, அதன் பின் சுமார் இருபது மீற்றருக்குள் அடங்கியது. 2004இல் டொம்டொம் கோ வந்தது, அதைத் தொடர்ந்து கார்மினின் நூவி. முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கும் இந்தப் பெட்டிகள் லண்டன் வாகனங்களை நிறைத்தன. ஒட்டிய தடத்தைக் கண்டாலே திருடர்கள் கண்ணாடியை உடைத்தார்கள். தடத்தைத் துடைத்துவிட்டு இறங்குங்கள் என்று பொலிஸ் எச்சரித்த காலம் அது.

அந்தப் பெட்டிமீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. வீதிப் பலகைகளை ஓடும் வேகத்தில் வாசிக்கத் தடுமாறிய எம்மவர் எத்தனையோ பேர், பயமில்லாமல் பேர்மிங்ஹாம் வரை கார் ஓடிப் போனது அதன் துணையோடுதான். கைபேசி அலை எட்டாத ஸ்கொட்லாந்து மலைகளிலும் அது வழி சொல்லும். ஆனால் அதற்குத் தெரிந்தது வீதி மட்டும். வீதியில் இந்த நிமிடம் நடப்பது தெரியாது. நெரிசல் செய்தி பிடிக்கவென்று ஒரு வயர் அன்ரனாவும் தந்தார்கள். எஃப்எம் வானொலி அலையோடு சேர்ந்து வரும் குறியீடுகளை அது வாங்கும்: இன்ன இடம், இன்ன நிகழ்வு. முன்கூட்டியே எண் கொடுத்து வைத்த பெருவீதிகளுக்குத்தான் அந்தச் செய்தி; சின்னத் தெருக்களுக்கு எண்ணே இல்லை. விபத்து என்ற தகவல் வந்து சேரும்போது நாங்கள் அந்த வரிசையின் நடுவில் நிற்போம்.

இதற்கு விடை பெட்டிக்காரருக்குத் தெரியாமலில்லை. 2007இலேயே டொம்டொம் நெதர்லாந்தில் வோடபோன் வாடிக்கையாளரின் கைபேசிகள் நகர்வதை வைத்து நெரிசலைக் கணித்தது. ஆனால் கைபேசியே பெட்டியாகிவிட்டபோது தனிப் பெட்டிக்கு வேலை குறைந்துபோனது. 2009 ஒக்ரோபர் 28 அன்று கூகுள் தன் இலவச வழிகாட்டியை அறிவித்தது. டொம்டொம் பங்கு 21 சதவீதமும் கார்மின் பங்கு 16 சதவீதமும் விழுந்தன. மறு ஆண்டு அந்த வழிகாட்டி பிரித்தானியாவுக்கும் வந்தது.

இன்று திரையில் தெரியும் சிவப்புக் கோடு வானத்திலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். செய்மதி சொல்வது நாம் நிற்கும் இடத்தைக் கணிக்க உதவும் நேரக்குறிப்பும் தன் இருப்பிடமும் மட்டும். நெரிசலைச் சொல்வது முன்னால் நிற்பவரின் கைபேசி. அது எங்கே, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்ற தகவல் போய்ச் சேர, அப்படிப் பல கைபேசிகளின் கணக்கைக் கூட்டித்தான் வீதி பச்சையா சிவப்பா என்று முடிவாகிறது. ஒருமுறை சைமன் வெக்கெர்ட் என்ற ஜேர்மன் கலைஞர் 99 கைபேசிகளைச் சிறு கைவண்டியில் போட்டு பேர்லின் தெருக்களில் மெதுவாக இழுத்துப் போனார். வாகனமே இல்லாத தெரு வரைபடத்தில் சிவந்துபோனது.

எங்கள் பழைய ரெலிபோன் அழைப்பேதான் இது. முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் சொல்கிறார். பெயர் தெரியாது, மொழி தெரியாது, இருந்தும் சொல்கிறார். லண்டன் முழுவதும் ஒருவருக்கொருவர் இப்படிச் சொல்லிக்கொள்வதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே மனம் நிறைகிறது. பெட்டியா கைபேசியா என்று யாராவது கேட்டால், தயங்காமல் கைபேசி என்பேன்.

ஒன்று மட்டும் அதில் வரவில்லை. அண்ணை சொன்ன பிற்பாதி. காலியாகக் கிடக்கும் தெருவைக் கைபேசி கண்டுபிடித்துத் தரும்; அது ஏன் காலியாக இருக்கிறது, யார் அதில் நடக்கிறார்கள் என்று யோசிக்காது. சந்தைக்குப் பக்கத்து வால்தம்ஸ்ரோவில், குறுக்கே ஊடுருவும் வாகனங்கள் தாங்க முடியாமல் 2015இல் சில குடியிருப்புத் தெருக்களையே மறித்து வைத்தார்கள்.

வான் ஓடும் கடைக்காரருக்கும் சாப்பாடு கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடம் தொடங்கும் வேளையில், மூன்று நிமிடம் மிச்சம் என்று கைபேசி சின்னத் தெருவைக் காட்டினால், திரும்பாதீர்கள். பெருவீதியிலேயே வாருங்கள்.