பிரெஞ்சு நகரத்துக்கு மூன்று நாள் லீவு

ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டிலிருந்து ஒரு பிரெஞ்சு நகரத்துக்குப் போய் மூன்று நாள் சாப்பிட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதென்றால், காசு அப்புறம், முதலில் அந்த மூன்று நாள் வேண்டும். அதை அரசாங்கமே தாம்பாளத்தில் வைத்து நீட்டியது என்பதை நன்றிகெட்ட நாம் மறந்துவிட்டோம். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் மசோதா அது. கூட்டணிக் கட்சிகளே எழுந்து வெளியே போனபோது அமைச்சர்கள் பொறுமையாக விளக்கம் சொன்னார்கள்: வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறவில்லை, நான்கு நாளில் வேலையை முடித்துவிட்டால் மீதி மூன்று நாள் சம்பளத்தோடு விடுமுறை.

பன்னிரண்டு நான்கு நாற்பத்தெட்டு. வாய்ப்பாட்டில் பிழையில்லை. வந்தவாசியிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வரும் நேரமும், அதே பஸ்ஸில் திரும்பிப் போகும் நேரமும் அந்த வாய்ப்பாட்டில் இல்லை, அவ்வளவுதான். லைனில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால், ஐந்தாம் நாள் கடற்கரையில் நடைபயிலும் என்று நம்புவதற்குக் குளிரூட்டிய அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மே தினத்தன்று சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். பத்தே நாளில் லாங் வீக்கெண்ட் வந்தது, போனது. தொழிலாளியின் ஓய்வுக்காக அன்று உருகியவர்கள், எட்டு மணி நேர ஷிப்டிலேயே வாரம் இரண்டு நாள் லீவு கொடுத்தால் என்ன என்று அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசக் காணோம்.

போகட்டும். லீவு கிடைத்ததாகவே வைத்துக்கொண்டு திட்டம் போடுவோம். பாரிஸ் எதற்கு? பிரெஞ்சுக்காரர்தான் நம் வாசலுக்கே வந்துவிட்டாரே. செயின்ட் கோபேன் 2000ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கிறது. நிசானோடு சேர்ந்து ரெனோ கட்டிய கார் ஆலை 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. பிரான்சில் சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேர வேலை, வருஷத்துக்கு ஐந்து வாரச் சம்பள விடுமுறை. அங்கிருந்து காரின் மூக்கில் பதிக்கும் வைர முத்திரை வந்தது, வரைபடம் வந்தது, ரோபோ வந்தது. அந்த ஐந்து வாரம் மட்டும் கப்பலில் ஏறவில்லை. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், உயிருக்குப் பாதுகாப்பில்லாமல் வேலைக்கு வரமாட்டோம் என்று அந்த ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன பிறகுதான் சில நாள் கதவு மூடியது. கிடைத்த லீவுகூட அப்படித்தான் கிடைத்தது.

நமக்குச் சட்டம் இல்லாமலில்லை. வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பள விடுமுறை என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆக்கியிருக்கிறது. காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையனிடம் கேட்டால் சிரிப்பான். நாள் கணக்கு நெருங்கும்போது காண்ட்ராக்டர் பெயர் மாறும், ஐ.டி. கார்டின் கயிறு நீலத்திலிருந்து பச்சையாகும், அதே மெஷின், அதே சூப்பர்வைசர், நாள் மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து. பண்டிகையும் ஞாயிறும் ஒட்டிவந்து அதிசயமாக மூன்று நாள் சேர்ந்தால், முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டச் சொல்வார்கள். லாங் வீக்கெண்டை இப்படி முன்பணம் கட்டி வாங்குகிற ஜாதி நாம்.

புறப்படும் முன் சொந்த ஊரை ஒருமுறை பார்த்துவிடலாம். வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை குழி தோண்டியபோது கற்கருவிகள், தங்க ஆபரணத் துண்டுகள், ரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகள் எல்லாம் கிடைத்தன. அதே மாதிரி ரோமானிய ஓடுகளுக்காகத்தான் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டினார், உலகப் புகழ் பெற்றார். நம் ஊர் ஓட்டைப் பார்க்க யார் வருகிறார்கள்? இங்கே மண்ணைத் தோண்டினால் முதலில் விசாரிப்பது அடித்தளம் எந்தக் கம்பெனிக்கு என்பதைத்தான்.

புதுச்சேரிக்கு வழி சுலபம். ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோடு. பரனூரில் சுங்கம், ஆத்தூரில் சுங்கம், திண்டிவனத்தில் திரும்பினால் மொரட்டாண்டியில் சுங்கம். விடுமுறைக்கு முந்தைய மாலை பரனூரில் நிற்கும் கார் வரிசையில் நம் பையன்கள் பூட்டிய கதவும் நட்டும் எத்தனையோ இருக்கும். அவர்கள் வாழ்த்தி வழியனுப்பலாம்.

ஆக, நகரம். வெள்ளையர் கடலோரம், தமிழர் வாய்க்காலுக்கு அந்தப்புறம் என்று ஒரு சாக்கடையை வைத்துத் தோல் நிறத்தைப் பிரித்த ஊர் அது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆண்டவர்கள் போய் எழுபது வருஷம் கழிந்த பிறகு அந்தப் பிரிவினையைத் தூசிதட்டி, ‘ஒயிட் டவுன்’ என்று பலகை அடித்து, அதையே அறை வாடகைக்குக் காரணமாகக் காட்டுகிறோம். நம்மை உள்ளே விடாத தெருவில் ஓர் இரவு படுக்கக் காசு கொடுக்கிறோம். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் கீழ் கலியாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வரிசை. ‘சாயாதீங்க சார், பெயின்ட் ஒட்டும்’ என்று சலித்துக்கொள்ளும் காவலாளிதான் அந்தத் தெருவில் காலையிலிருந்து வேலை பார்க்கும் ஒரே ஆள்.

கடற்கரைக்கு வந்தால் கருங்கல். எண்பதுகளின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் மணலின் வழியை அடைத்தன. மணல் போனது, கல் கொட்டினார்கள், அந்தக் கல்லின் முன் இப்போது செல்ஃபி. பிரெஞ்சு பேச்சு எங்கே கேட்கும் என்கிறீர்களா? க்ருவாசான் விற்கும் கஃபேயில் கேட்காது. அங்கே சென்னை ஆங்கிலமும் பெங்களூர் இந்தியும்தான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ வீடுகளில் கேட்கலாம். அவர்கள் தமிழர்கள். ஆகவே படம் எடுக்க லாயக்கில்லாதவர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், சுற்றுலாவில் பாதி அதுதானே. ஒரு காபி, ஒரு க்ருவாசான், அன்றைய ஓ.டி. காசு காலி. புதுச்சேரிக்காரர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்கைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. ஊருக்குள் நுழைந்ததும் சரக்குக் கடையைத் தேடுகிறவர்களே அதிகம். நம் தொழிற்பேட்டைக்கும் உணவு வரலாறு உண்டு. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்டதால் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லாததால் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். அவர்கள் தரையில் படுத்த கதையும், தண்ணீர் வராத கழிப்பறைக் கதையும் அதற்கப்புறம்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தச் சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுத ஒரு ஆள் வரவில்லை. உணவு ரசிகர்கள் எல்லோரும் அப்போது கடலோரத்தில் பாஸ்தாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தப் பயணத் திட்டத்திலும் இல்லாத ஓர் இடம் கடலூர் சாலைப் பக்கம் இருக்கிறது. அங்கேயே இரண்டு நாளைச் செலவழிக்கலாம். புதுச்சேரியின் மூன்று பெரிய பஞ்சாலைகளான சவானா, ரோடியர், கெப்ளே இருந்த இடம் அது. 1936இல் அங்கே எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள்.

அந்தக் கோடையில் பிரான்சில் என்ன நடந்தது தெரியுமா? லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு பதவியேற்றிருந்தது. ரெனோவின் பியான்கூர் ஆலை உட்பட நாடெங்கும் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, ஜூன் மாதத்தில் வாரம் 40 மணி நேர வேலையையும் இரண்டு வாரச் சம்பள விடுமுறையையும் சட்டமாக்க வைத்தார்கள். ஆகஸ்டில் சலுகைக் கட்டண ரயில் டிக்கெட். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. அங்கே தொழிலாளியைக் கடலுக்கு அனுப்பிவைத்த அதே அரசின் கொடிதான் இங்கே, கடல் பக்கத்திலேயே இருந்தும் அதைப் பார்க்க நேரமில்லாதவனைச் சுட்டவர்களின் தலைக்கு மேலும் பறந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் வாய்க்காலைத் தாண்டி வரவில்லை.

தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிசுக்கே போய் வழக்காடினார். 1937 ஏப்ரலில் ஆணை வந்தது: எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை. ஆசியாவிலேயே முதலில் எங்களுக்குத்தான் என்று புதுச்சேரித் தொழிற்சங்கத்தார் இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். பன்னிரண்டு பிணங்களுக்குப் பின் ஒன்பதே மாதத்தில் காலனியாட்சி சங்கத்தை ஏற்றுக்கொண்டது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெயிலிலும் மழையிலும் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லி நம் சொந்த அரசிடம் உயர்நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. நம் வட்டாரத்தில் தொழிலாளி எடுத்த மிக நீண்ட விடுமுறைகளில் அந்த 37 நாளும் ஒன்று, சம்பளமில்லாமல்.

ரோடியர் மில்தான் பிறகு ஏஎஃப்டி ஆனது. 1898இல் தொடங்கியது, 2020இல் மூடிவிட்டார்கள். 2024இல் பேருந்து நிலையத்தைச் சீரமைத்தபோது ஏஎஃப்டி திடலில்தான் பஸ்கள் நின்றன. ஒயிட் டவுன் பார்க்க வந்த எத்தனையோ பேர் முதலில் கால் வைத்தது அங்கேதான். ‘பீச்சுக்கு ஆட்டோ எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே என் பயண ஆலோசனை இதுதான். ஜூலை 14 வேண்டாம். அன்று பிரெஞ்சு தேசிய நாள், போர் நினைவகத்தில் விளக்குப் போடுவார்கள், கூட்டம் தாங்காது. ஜூலை 30 அன்று போங்கள். மில் தியாகிகளுக்கு மாலை போடச் சங்கத்துக்காரர்கள் வருவார்கள், நிற்க இடம் நிறைய இருக்கும், அறை வாடகையும் குறைவு. லீவு மட்டும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சூப்பர்வைசர் காலண்டரைப் பார்ப்பார். மாசக் கடைசி, டிஸ்பாட்ச் டார்கெட் முடியவில்லை, முப்பதாம் தேதி யாருக்கும் லீவு கிடையாது, டபுள் ஷிப்டுக்கு ஆள் பேர் கொடு என்பார்.