வெளிநாட்டுக் கம்பெனி வக்கீல்

“இந்த ஆளை வெள்ளிக்கிழமையோடு அனுப்பிவிடலாமா? ஆமா, இல்லையா, அது மட்டும் சொல்லுங்கள்.” அமெரிக்கத் தலைமை அலுவலகங்களிலிருந்து எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இந்த ரகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே பெரும்பாலும் காரணம் சொல்லாமலே ஒருவரை வேலையைவிட்டு அனுப்பலாம். மேசையில் இருப்பதை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு அவரும் போய்விடுவார். நானும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் எனக்கு 1947-இலிருந்துதான் வரும். அன்றைக்கு இருந்த தொழில் தகராறுகள் சட்டம், அதில் தொழிலாளி யார், மேற்பார்வையாளர் யார், ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்கிற விதி. எல்லாம் சொல்லி மூச்சு வாங்கும்போது பார்த்தால், திரையில் ஒரே ஒருவர்தான் மிச்சம். அவரும் கேமராவை அணைத்திருந்தார். மறுநாள் மெயில் வந்தது: விளக்கத்துக்கு மிக்க நன்றி, அப்படியானால் வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம்தானே?

ஜோசியத்திலும் எனக்கு ராசியில்லை. பழைய 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நாலு தொகுப்பாக்கினார்களே, அதில் ஊதியத் தொகுப்பு 2019-இல் நிறைவேறியது, மற்ற மூன்றும் 2020-இல். “வருகிற ஏப்ரலில் அமலுக்கு வந்துவிடும்” என்று வருஷாவருஷம் கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அலவன்ஸ் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியது ஊதியக் கணக்கில் சேரும் என்ற விதியை நம்பி, ஒரு கம்பெனி சம்பளச் சீட்டையே மாற்றிவிட்டது. சட்டம் வரவில்லை. பி.எஃப். பிடித்தம் ஏறி, கைக்கு வரும் பணம் குறைந்த ஊழியர்களின் வசவுதான் வந்தது. நான் சொல்வதை நிறுத்திய பிறகு, 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை, நாலும் சேர்ந்தாற்போல் அமலுக்கு வந்தன. நான் ஒரு கல்யாண வரவேற்பில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். போன் விடாமல் அடித்தது. “எதிர்பார்த்ததுதான்” என்று ரசத்துக்கும் மோருக்கும் நடுவே சொன்னேன்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு நிஜமாகவே கூச்சம் தருவது வேறு. நான் மணிக்கணக்கு வைத்து பில் போட்டு விற்கும் சட்டம், அது யார் மேல் பாய்கிறதோ அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

விடுமுறைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர இன்னும் ஐந்து நாள் பண்டிகை விடுமுறை தர வேண்டும் என்பது 1958-ஆம் வருஷத்துச் சட்டம். ஒரு கட்சிக்காரரின் சிங்கப்பூர் அலுவலகம் தயாரித்த பட்டியலில் ஒன்பது நாள் இருந்தது. எண்ணிப் பார்த்து, சட்டப்படி சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதில் ஆயுத பூஜை இல்லை. மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் வருஷத்தை ஓட்டுகிற தொழிற்சாலை இந்தப் பக்கம் உண்டா? நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அஞ்சாவது நிமிஷம் கேட் செக்யூரிட்டி கண்டுபிடித்துவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறொரு தொழிற்சாலை. புதிதாக வந்திறங்கிய மேலாளருக்கு ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தால் தொடர்ச்சியான பணி என்கிற கணக்கை ஆங்கிலத்தில் விஸ்தாரமாக விளக்கிவிட்டு வெளியே வந்தேன். உள்ளே டீ வைத்துவிட்டுப் போன பையன் வராந்தாவில் நின்றிருந்தான். “சார், 480-ஐ விட்டுட்டீங்களே” என்றான். ஆங்கிலம் பிடிபட்டதோ இல்லையோ, எண் பிடிபட்டிருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற 1981-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம், வடக்கே அச்சாகும் புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது. அவன் அடையாள அட்டையின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு வைத்திருந்தான். எனக்கு ஃபீஸ் கொடுப்பவர்களும் அதே நாளைத்தான் எண்ணுகிறார்கள், எக்செல்லில், எதிர்ப்பக்கத்திலிருந்து.

பழைய 1947 சட்டம் இருந்த காலத்தில் ஒரு நாள், தொழிலாளர் அலுவலர் முன்னால் சமரசப் பேச்சு. மாசக்கணக்கில் இழுத்த சம்பள உயர்வு அன்றைக்குக் கையெழுத்தாவதாக இருந்தது. ஒப்பந்த வரைவு என்னுடையது. சங்கச் செயலாளர், ஃபிட்டர் வேலை பார்ப்பவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“வக்கீல் சார், நாம போடுறது 12(3)-ஆ, 18(1)-ஆ?”

“12(3)தான்” என்றேன். என் கட்சிக்காரருக்கும் அதுதான் வேண்டும். அதிகாரி நடத்தும் சமரசத்தில் போடும் 12(3), அந்தச் சங்கத்தில் இல்லாதவரையும் நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். வெளியே போட்டுக்கொள்கிற 18(1), ஒப்புக்கொண்ட தரப்பை மட்டும்தான்.

“தலைப்புல 18(1)-ன்னு இருக்கே” என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பழைய கோப்பிலிருந்து எடுத்தாண்டபோது தலைப்பும் கூடவே வந்துவிட்டது. ஹெச்.ஆர். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். அதிகாரி டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். செயலாளர் மட்டும் பெருந்தன்மையாக, “பரவால்ல சார், இங்கிலீஷ் நல்லாருக்கு” என்றார்.

வெளியே இப்படியென்றால் என் அலுவலகத்துக்குள்ளே குமாஸ்தா இருக்கிறார். வயதில் மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் சார் என்பார். ஊருக்கெல்லாம் நியமனக் கடிதம் எழுதிக் கொடுக்கிற நான் அவருக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை. ஒரு நாள் கேஸ் கட்டுகளைக் கட்டிக்கொண்டே, “சார், அஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டா கிராஜுவிட்டி உண்டில்ல?” என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அது வந்துங்கண்ணே” என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். நிறுவனம் என்பது எது, அதில் வக்கீல் அலுவலகம் சேருமா, ஊழியர் என்றால் யார், தொடர்ச்சியான பணி என்பதற்கு நீதிமன்றங்கள் சொன்ன விளக்கம் என்ன என்று போய்க்கொண்டே இருந்தேன்.

அவர் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“பத்துப் பேர் இருந்தாத்தானே சார் அந்தச் சட்டம்? நாம நாலு பேர். அதெல்லாம் எப்பவோ பாத்துட்டேன். நான் கேட்டது என் மருமகனுக்கு.”